உரிய கவனம்

என் வழக்கைக் கூப்பிட இன்னும் ஒன்பது வழக்குகள் இருக்கின்றன என்று கனகசபாபதி சொல்லிவிட்டுப் போய் அரைமணி நேரமாகிறது. என் வக்கீல். கோட்டில் பாச்சை உருண்டை வாசனை. போவதற்கு முன் குனிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார், "ஒரே ஒரு வார்த்தைங்கம்மா. போடறதுக்கு முந்தி டாக்டரைக் கேட்டேன்னு சொல்லுங்க. போன் பண்ணுனேன், ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு எடுத்துச்சு, டாக்டர் இல்லைன்னுச்சு. அவ்வளவுதான். மூணு வருசத்துக்கு முந்தி பண்ணுன போனை எவன் தோண்டப் போறான்?" நான் தலையை ஆட்டினேனா? ஆட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் அப்படி நிம்மதியாக டீ குடிக்கப் போயிருக்க மாட்டார். ஒரு வார்த்தை. கேட்டேன். இருபத்தாறு வருடமாக வார்த்தைகளோடுதான் பிழைப்பு. பதினைந்து வருடம் ஒரு நாளிதழில் பிழைதிருத்தி, பதினோரு வருடமாக 'நாலு வீதி' என்ற என் சொந்த மாதப் பத்திரிகை. தாராபுரத்தையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் பற்றி எழுதும் முப்பத்திரண்டு பக்கம். ஒரு துணைக்கால் விடுபட்டால்கூட இரவெல்லாம் உறுத்தும் ஆள் நான். எனக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லித் தருகிறார். அதுவும் பொய் வார்த்தை. அதுவும் உண்மையைக் காப்பாற்றுவதற்காக. மின்விசிறி இந்த பெஞ்சுவரைக்கும் எட்டவில்லை, கிழவர் தன் வழக்குக் கட்டால் விசிறிக்கொள்கிறார், அந்தக் காற்றில் பாதி எனக்கும் வருகிறது. டாக்டர் சம்பத் இன்னும் வரவில்லை. வருவார். மூன்று வருடத்தில் ஒரு வாய்தாவைக்கூட அவர் தவறவிட்டதில்லை. நீரோடை சிறுநீரக மையத்தின் சொந்தக்காரர், புகார்தாரர். நான் எதிரி. நீதிமன்ற பாஷையில் என் பெயர் அதுதான், 'எதிரி குணவதி'. யாருக்கு எதிரி? அந்த மனிதரை, அவர் மையத்தைப் பற்றி நான் எழுதிய செய்திக்கு முன்னால் பார்த்ததுகூட இல்லை. அதுதானே இப்போது சிக்கல்? பார்த்ததில்லை, பேசியதில்லை, கேட்டதில்லை.

கேட்கவில்லை. சரி, அதை விட்டு வேறெதையாவது நினை. நினைக்க என்ன இருக்கிறது, அவதூறுச் சட்டம் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் அந்தப் பிரிவை மனப்பாடமாகச் சொல்வேன். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, அதற்குப் பத்து விதிவிலக்கு, அடுத்தது தண்டனை, இரண்டு வருடம் வரை சிறை. முதல் விதிவிலக்கு உண்மை. இதை முதன்முதலில் படித்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன், நான் எழுதியது உண்மை, முடிந்தது கதை, வழக்கு நிற்காது என்று. கனகசபாபதி சிரித்தார். "உண்மையா இருந்தா மட்டும் பத்தாதுங்கம்மா. உண்மையாவும் இருக்கோணும், அதைச் சொல்றது பொது நன்மைக்காகவும் இருக்கோணும். ரெண்டையும் நிரூபிக்க வேண்டியது நீங்க." நான்தான். அவதூறு என்று குற்றம் சாட்டியவர் அது பொய் என்று நிரூபிக்க வேண்டாமாம், பேர் கெட்டது என்று சொன்னால் போதுமாம். மெய் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். எதை வைத்து நிரூபிப்பேன்? ஒரு புகைப்படத்தை வைத்து. அதை எடுத்தவன் வந்து கூண்டில் ஏறி, நான்தான் எடுத்தேன், இன்ன தேதி, இன்ன மெஷின் என்று சொன்னால்தான் அது சாட்சி. சொல்லாவிட்டால் வெறும் படம். எடுத்தவன் துரைச்சாமி. அவன் பெயரை என் வக்கீலுக்குக்கூட நான் சொல்லவில்லை. மினிபஸ் டிரைவராக இருந்தவன், நாற்பத்தொரு வயது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலையில் ஆறிலிருந்து பத்துவரை அந்த மையத்தில் படுத்துக் கிடப்பான். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், ஃபில்டரில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே வரும். அந்த ஃபில்டரைக் கழுவி அதே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், அது வழக்கம்தான், அதற்காகத்தான் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி வைத்திருப்பார்கள். அன்றைக்கு அவன் கண்ணுக்கு நேராகத் தொங்கிய ஃபில்டரில் 'பாப்பாத்தி, பெண், 58' என்று இருந்திருக்கிறது. பாதி ரத்தம் அதற்குள் போய்விட்டது. இடது கையை அசைக்க முடியாது, வலது கையால் போனை எடுத்து ஒரு படம். பிறகு நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். "ஏம்மா, இது எம்பேரு இல்லையே?" அந்தப் பெண் ஓடிவந்து ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுச் சொன்னதாம், "ஸ்டிக்கர்தானுங்கண்ணா மாறிப்போச்சு. ஃபில்டர் உங்களுதுதான்." மூன்று மாதத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வைரஸ், அதிலும் சி வகை. அவனுக்கு மட்டுமில்லை, அதே காலைநேரத்தில் படுக்கும் இன்னும் இரண்டு பேருக்கு.

மூன்று பேரின் ரத்தப் பரிசோதனைத் தாளையும் என் கையால் வாங்கிப் படித்தேன். முன்பு இல்லை என்ற தாள், இப்போது இருக்கிறது என்ற தாள். ஓய்வுபெற்ற ஒரு டயாலிசிஸ் நர்ஸைத் தேடி ஈரோட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினேன். எழுதியதை நாலு தடவை அடித்துத் திருத்தினேன். கொலை என்ற வார்த்தையை எடுத்தேன், மோசடியை எடுத்தேன், தெரிந்தே என்பதை எடுத்தேன். இவ்வளவு கவனமும் கவனம் இல்லையா? இல்லையாம். துரைச்சாமியிடம் போனேன், சம்மன் வந்த வாரமே. அவன் மனைவி கோகிலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அக்கா, நான் வந்து சாட்சி சொல்லிப்போடறனுங்க. புதன்கிழமை சொல்லறேன்னு வெச்சுக்குங்க. வெள்ளிக்கிழமை எந்த மெஷின்ல படுக்கறது?" அடுத்த மையத்துக்குப் போகவேண்டுமென்றால் அறுபது கிலோமீட்டர், அங்கே ஆறு மாதத்துக்கு இடமில்லை. இரண்டு முறை படுக்காவிட்டால் மூச்சு முட்டும், நாலு முறை படுக்காவிட்டால் ஆள் இல்லை. தன்னை நோயாளியாக்கிய இடத்துக்கே வாரம் மூன்று முறை போய், கையை நீட்டி, ஊசியைக் குத்தச் சொல்லி, போகும்போது நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும். எந்தச் சட்டத்தில் இதற்கு விதிவிலக்கு எழுதியிருக்கிறது? பத்தில் எது? அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்தது. அழுகை இல்லை, கோபம்தான். எனக்குக் கோபம் கண்ணில்தான் வந்து நிற்கும். அச்சகக்காரர் இரண்டாவது எதிரி. அச்சடித்த பாவத்துக்கு. ஒரே வாய்தாவில் வருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். போகும்போது "குடும்பம் இருக்குதுங்கம்மா" என்றார். எனக்கு இல்லையா? தங்கை இருக்கிறாள், தங்கை மகள் இருக்கிறாள், நானூறு சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். அதே மாதிரிக் கடிதம் ஒன்று எனக்காகவும் கனகசபாபதியின் கட்டுக்குள் தட்டச்சு அடித்துத் தயாராக இருக்கிறது. 'மேற்படி செய்தி உண்மைக்குப் புறம்பானது என்பதை உணர்ந்து'. உணர்ந்தாம். எங்கே உட்கார்ந்து உணர்ந்தேன்? கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே டாக்டர் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வாராம். அந்த ஒரு வாக்கியத்தை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார். துரைச்சாமி உள்ளே போகும்போது பார்ப்பான், வெளியே வரும்போது பார்ப்பான்.

டாக்டர் வந்துவிட்டார். படியில் ஏறும்போதே தெரிகிறது, எல்லோரும் எழுந்து வழிவிடுகிறார்கள், கிழவர்கூட விசிறுவதை நிறுத்திவிட்டுக் கும்பிடுகிறார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி முகம். கெட்டவர் மாதிரி இருந்திருக்கலாம் இந்த ஆள். ஒரு தங்கச் சங்கிலி, ஒரு உறுமல், ஏதாவது ஒன்று எனக்குக் கொடுத்திருக்கலாம். என்னைப் பார்த்து நின்றார். "நல்லா இருக்கீங்களாம்மா?" அவர் பார்வை கீழே இறங்கியது, என் காலுக்கு. செருப்பின் வார் பதிந்து பாதத்தில் பள்ளம் விழுந்திருந்தது. "ரெண்டு காலுமே வீங்கியிருக்குதுங்களே. எத்தனை நாளா? உப்பைக் குறைங்க. ஒருக்கா கிட்னிக்கு ரத்த டெஸ்ட், கிரியாட்டினின் பாத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். என்ன துணிச்சல். அல்லது துணிச்சல் இல்லையோ, பழக்கமோ, யாரைப் பார்த்தாலும் காலைப் பார்க்கும் பழக்கம். அது மிரட்டலாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நீயும் ஒருநாள் என்னிடம்தான் வரவேண்டும் என்று அர்த்தம் வைத்துச் சொல்லியிருந்தால் அவரை முழுசாக வெறுத்துவிடலாம். ஆனால் அந்தக் குரலில் அப்படி எதுவும் இல்லை. அக்கறைதான் இருந்தது. இருந்ததா? இரண்டு வாரமாக வீங்குகிறது. சர்க்கரை எட்டு வருடமாக இருக்கிறது. காலையில் முகமும் கொஞ்சம் உப்பிய மாதிரி இருக்கிறது, தூக்கம் போதாமல் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை. ஒருவேளை எனக்கும் அந்தப் படுக்கை வந்தால்? திங்கள், புதன், வெள்ளி. என் கண்ணுக்கு நேராக ஒரு ஃபில்டர். வேறு எங்கே போவேன்? அறுபது கிலோமீட்டர், ஆறு மாதம். இந்த ஆளிடம்தான் கை நீட்ட வேண்டும். நீட்டுவேன், அதுதான் அசிங்கம், நீட்டிவிடுவேன். பயமா இது, கோபமா, எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டுக் குடிக்காமல் மூடினேன். தண்ணீரையும் குறைக்க வேண்டுமோ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. பார், அதற்குள் அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

கேட்க. திரும்பவும் அங்கேயேதான் வந்து முட்டுகிறேன். ஏன் கேட்கவில்லை? முதல் விதிவிலக்கு துரைச்சாமி இல்லாமல் நிற்காது. மிச்சம் இருப்பது ஒன்பதாவது, நல்லெண்ணம். சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் மனசு நல்லதாக இருப்பது இல்லையாம், உரிய கவனத்தோடு செய்தாயா என்பதாம். உரிய கவனம் என்றால் எதிராளியையும் ஒரு வார்த்தை கேட்பது. பிழைதிருத்தியாகச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு அது தெரியும், யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் பக்கம் இரண்டு வரி. அந்த மையத்தின் எண் என் நோட்டில் இருந்தது. சதுரம் போட்டு வைத்திருந்தேன். அச்சுக்குப் போன வியாழக்கிழமை காலை முழுக்க அந்த நோட்டு மேஜையில் திறந்தே கிடந்தது. நேரமில்லை என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என்னிடமும். பொய். நேரம் இருந்தது. அன்றைக்குப் புடவைக்குக்கூட இஸ்திரி போட்டேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஸ்டிக்கர்தான் மாறிப்போச்சு என்று சொல்லியிருப்பார். அமைதியாக, இன்றைக்கு என் கால் வீக்கத்தைப் பற்றிச் சொன்னாரே, அதே குரலில். அதையும் நான் போட வேண்டியிருக்கும். போட்டால் படிப்பவர்களில் பாதிப்பேர், அட, ஸ்டிக்கர்தானா என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. நானே கொஞ்சம் நம்பிவிடுவேனோ என்று இருந்தது. அந்தக் கோபம் குறைந்துவிடக் கூடாதென்று இருந்தது. துரைச்சாமி வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபத்தை அப்படியே சிந்தாமல் அச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. மூன்று பேருக்கு ஒரே நோய், ஒரே நேரம், ஒரே வரிசை, ஸ்டிக்கர் மாறினதால் வராது அது, எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. சந்தேகமில்லாதவள் ஏனடி கேட்கப் பயந்தாய்? ஒரு போன். இரண்டு நிமிடம். அதைச் செய்திருந்தால் இன்றைக்கு இந்த ஆளின் முகத்துக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். துரைச்சாமியின் பெயரைச் சொல்லாமலே ஒன்பதாவது விதிவிலக்கு என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கும். அதை நானே பிடுங்கிப் போட்டேன். டாக்டர்மேல் இருக்கிற கோபம், சட்டத்தின்மேல் இருக்கிற கோபம், டீ குடிக்கப் போன வக்கீல்மேல் இருக்கிற கோபம், எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த வியாழக்கிழமைக் குணவதிமேல் வருகிற கோபத்துக்குக் கிட்டே வராது. கன்னத்தில் அறையலாம் போலிருக்கிறது. கனகசபாபதி வருகிறார், உதட்டைத் துடைத்துக்கொண்டே. "வாங்கம்மா, அடுத்து நம்மளுதுதான். ஞாபகம் இருக்குதில்ல? கேட்டேன்."

கூண்டின் கட்டை வழவழவென்று இருந்தது, எத்தனை பேர் பிடித்த கட்டையோ. என் தரப்பில் நானே சாட்சி. நடுவர் சின்ன வயதுப் பெண், என் தங்கை மகளைவிட நாலைந்து வயது கூட இருப்பார். தட்டச்சர் பக்கத்திலேயே. கனகசபாபதி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், பரிசோதனைத் தாள், ஈரோட்டு நர்ஸ், நாலு தடவை திருத்திய பிரதி. அந்தக் கேள்விக்கு வந்தபோது குரலை வேண்டுமென்றே சாதாரணமாக்கினார். "வெளியிடறதுக்கு முந்தி புகார்தாரரைத் தொடர்பு கொண்டீங்களா?" டாக்டர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். நான் போன் பண்ணவில்லை என்பது இந்த உலகத்தில் என்னையும் என் வக்கீலையும் தவிர நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இப்போது கேட்டேன் என்று சொன்னால் அவதூறு அது. உண்மையான அவதூறு, மூன்று வருடமாக அவர் என்மேல் சொல்லிக்கொண்டிருப்பது இந்த நிமிடத்திலிருந்து உண்மையாகிவிடும். "இல்லை" என்றேன். கனகசபாபதி தாளைப் புரட்டுவதை நிறுத்தினார். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்துவிட்டார். டாக்டரின் வக்கீல், கோயம்புத்தூரிலிருந்து வருபவர், எழுந்தார். ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, அவர் கெட்டிக்காரர். "அப்ப, விளக்கம் கேக்காமலே போட்டிருக்கீங்க?" "ஆமா." நடுவர் நீதிமன்ற நடையில் தட்டச்சருக்குச் சொன்னார், செய்தி வெளியிடும் முன் புகார்தாரரிடம் விளக்கம் கேட்கவில்லை என்றால் சரிதான். டக் டக் என்று விழுந்தது. "அந்தப் படத்தை எடுத்தது யாரு?" "சொல்ல மாட்டேன்." "சொல்ல மாட்டீங்களா, அப்படி ஒரு ஆளே இல்லையா?" "இருக்காரு. சொல்ல மாட்டேன்." அதுவும் விழுந்தது. தனிப்பட்ட விரோதத்தில் எழுதினீர்கள் என்றார், மறுத்தேன், அது 'எழுதினேன் என்றால் சரியல்ல' என்று விழுந்தது. அவர் உட்கார்ந்தபின் நடுவர் என்னைப் பார்த்தார். "நீங்களா ஏதாவது சொல்லணுமா?" எவ்வளவோ இருந்தது. அறுபது கிலோமீட்டர் இருந்தது, பஸ்ஸில் அழுதது இருந்தது. "பயமா இருந்துச்சுங்க. அவர் என்ன பதில் சொல்லுவாரோன்னு. கேக்காம விட்டது என் தப்பு. ஆனா செய்தி தப்பில்லீங்க." நடுவர் தட்டச்சருக்குச் சொன்னார், அச்சத்தினால் கேட்கவில்லை, செய்தி உண்மையே. மூன்று வருடம் நாலு வார்த்தையில் அடங்கிவிட்டது. பிழை எதுவும் இல்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

தாழ்வாரத்தில் கனகசபாபதி வழக்குக் கட்டைக் கட்டிக்கொண்டே இருந்தார், கயிறு அறுந்துவிடும்போல் இறுக்கினார். டாக்டர் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்தார். "ஒரு போன் பண்ணியிருந்தா நானே சொல்லியிருப்பேனுங்கம்மா" என்றார். அவர் முகத்தில் வெற்றி இல்லை, மனத்தாங்கல் மாதிரி ஏதோ இருந்தது. எனக்குள் அதுவரை சுற்றிக்கொண்டே இருந்த கேள்வி சட்டென்று நின்றது. "இப்பக் கேக்கறேன். என்ன சொல்லியிருப்பீங்க?" அவர் வாயைத் திறந்தார். அவர் வக்கீல் நாலடி தள்ளி நின்றிருந்தார், தடுக்கக்கூட இல்லை. காத்திருந்தேன். ஸ்டிக்கர் என்று சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன், இந்த மாதமே போடுகிறேன், அவர் சொன்னபடியே. டாக்டர் சம்பத் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையில் இருந்த கார் சாவியைத் தொட்டுப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணிக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறவரைக்கும் நான் அசையவில்லை. பாவி, ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

போன் அடித்தது. துரைச்சாமி. தூண் பக்கமாகப் போய் எடுத்தேன். "அக்கா, நானுங்க. என்னாச்சுங்க?" இன்றைக்குப் புதன்கிழமை, படுத்துவிட்டு வந்திருப்பான், குரல் களைத்துப்போய் இருந்தது. எதுவும் முடிவாகவில்லை, வாதத்துக்குப் போட்டிருக்கிறார்கள், உன் பேர் வரவில்லை என்றேன். அவன் சொன்னான். "உங்ககிட்டச் சொல்லோணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தனுங்க்கா. உங்க புக்கு வந்ததுல இருந்து அங்க ஒவ்வொருத்தருக்கும் பேரைச் சத்தமாப் படிச்சுட்டுத்தான் ஃபில்டரை மாட்டறாங்க. பேரு, வயசு, எல்லாம். நாம பாத்து ஆமான்னு சொன்னாத்தான். எங்க மூணு பேருக்குன்னு தனி மெஷினே வெச்சுட்டாங்க. அதுக்கப்பறம் ஒருத்தருக்கும் வரலீங்க. ஒருத்தருக்கும்." எத்தனை பேர் என்று கேட்டேன். "நாப்பது பேரு படுக்கறமுங்க." நாப்பது. மூன்று வருடம். இதை ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல் வந்தது. சொன்னால் நான் என்ன செய்திருப்பேன், வக்கீலிடம் ஓடியிருப்பேன், எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருப்பார். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்தேன். கண்ணில் வந்து நின்றது. முந்தானையால் ஒற்றினேன்.

கனகசபாபதி கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது, அல்லது தொழில் திரும்ப வந்திருந்தது. "சரி, போனது போச்சு. ஒன்பதாவது இனி நிக்கறது கஷ்டந்தானுங்க. பொது நன்மையைத்தான் கெட்டியாப் புடிக்கோணும். உங்க செய்தியால ஊருக்கு ஒரு நல்லது நடந்துச்சுன்னு காட்ட ஏதாவது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு இருந்தாச் சொல்லுங்கம்மா, அடுத்த வாய்தாவுக்கு முந்தி மனுப் போட்டு ஆளைக் கூட்டியாந்து ஏத்திப்போடறேன். இருக்குதுங்களா?"

என் கையில் போன் இன்னும் சூடாக இருந்தது. நாப்பது பேர்.

"இல்லீங்க" என்றேன். இன்றைக்கு முழுவதும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.